பூமிக்கு அடியில் காம்பவுண்ட் சுவர் கிடையாது

1. முதல் நாள் பிடித்த சாம்பிள்

வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் வேலை ஒரு பொய். கற்றுத்தந்தவர் தங்கமான மனிதர். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரை நீங்கள் வில்லன் ஆக்கிவிடுவீர்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்களுடையது கால்வனைசிங் பிளான்ட். இரும்பை ஆசிட் தொட்டியில் முக்கித் துருவைக் கழற்றுவார்கள், தண்ணீரில் அலசுவார்கள், பிறகு உருக்கிய ஜிங்க்கில் தோய்த்து எடுப்பார்கள். ஜிங்க் என்றால் துத்தநாகம். அலசிய தண்ணீரில் ஆசிடும் இரும்பும் ஜிங்க்கும் கலந்திருக்கும். அதைச் சுண்ணாம்பு போட்டுச் சுத்தம் செய்து வெளியே விடுகிற இடத்துக்கு ஈ.டி.பி. என்று பெயர். அங்கே லேப் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். மாதம் ஒரு முறை ஈ.டி.பி.யிலிருந்து வெளியேறும் தண்ணீரில் ஒரு கேன் பிடித்து வெளி லேபுக்கு அனுப்ப வேண்டும். அந்த ரிப்போர்ட்டின் நகல் அரசு அலுவலகத்துக்குப் போகும்.

சீனியர் கெமிஸ்ட் சீனிவாசலு சார் வெள்ளை கேனை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஈ.டி.பி.யைத் தாண்டினார். சைக்கிள் ஸ்டாண்டையும் தாண்டினார். கேன்டீன் வாசலில் கை கழுவும் குழாயில் கேனைப் பிடித்தார்.

"சாம்பிள் எடுக்கப் போறோம்னு சொன்னீங்களே சார்?"

"எடுக்கத்தானம்மா வந்துகீறோம். இதான் நம்ம அவுட்லெட்."

"இது போர் தண்ணியாச்சே!"

"அதாம்மா பாஸாவுது." பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்து ஒட்டினார். 'ஈ.டி.பி. அவுட்லெட்' என்று முத்து முத்தாக ஏற்கெனவே எழுதியிருந்தது. "ஜனவரியிலயே பன்னெண்டு லேபிளும் எழுதி வெச்சிடுவன். தேதிய மட்டும் அப்பப்ப போட்டுக்கலாம். நம்ம தண்ணியும் நல்லாத்தாம்மா கீது. ஆனா சுண்ணாம்பு கம்மியா உழற அன்னிக்கு இன்னா ஆவும்னு யாரு கண்டா? எதுக்குப் பேஜாரு?"

மறு வருடம் அவர் ஓய்வு பெற்றார். ஜனவரியில் உட்கார்ந்து பன்னிரண்டு லேபிள்களையும் நான் எழுதினேன். கையெழுத்து மட்டும்தான் மாறியது. ஒரு மாதம்கூட ரிப்போர்ட் ஃபெயில் ஆனதில்லை. எனக்கு 'கெட்டிக்காரி' என்று பெயர் கிடைத்தது. கேன்டீன் குழாயைத் திறக்கத் தெரிந்த கெட்டிக்காரி!

2. சுண்ணாம்புக்கார முனிரத்தினம்

ஈ.டி.பி.யில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றும் வேலைக்குக் கான்ட்ராக்டில் வந்தவர் முனிரத்தினம். ஏறக்குறைய என் வயது. வீடு ஆரம்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில் என்றாலும் அவருடைய நிலம் எங்கள் பின்பக்க மதிலை ஒட்டி இருந்தது. இரண்டு ஏக்கர் நெல், ஒரு திறந்த கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து அதை மட்டுமே குடிப்பார். கேன்டீனில் டீகூடக் குடிக்க மாட்டார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், மனதில் பட்டதைக் கேட்காவிட்டால் சோறு இறங்காது. கேட்டேன். "இன்னா முனிரத்தினம், கம்பெனித் தண்ணி உங்களுக்கு ஆகாதா?"

"ஆவாதுன்னு இல்ல மேடம். எங்க கெணத்துத் தண்ணி யாருன்னு எனக்குத் தெரியும். இது யாருன்னு தெரியாது."

தண்ணீரை 'யாரு' என்று கேட்ட மனிதரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"காத்தால நீங்க குடிச்சீங்களே தண்ணி, அது எங்கேந்து வந்துது?"

"கவரைப்பேட்டைல எங்க தெருவுக்குக் கேன் போடுறவர் கொண்டாருவார்."

"அவுருக்கு எங்கேந்து வருது?"

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு லேபுக்குள் போய்விட்டேன்.

அதிலிருந்து அவர் என்னை விடவில்லை, நானும் அவரை விடவில்லை. பின்பக்கம் காலியாக உள்ள பழைய லாக் ஷீட்டுகளை என்னிடம் கேட்டு வாங்குவார். அவற்றில் பென்சிலால் எழுதி, ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்து, சூலூர்பேட்டை ரயிலில் தம்முடன் வருகிறவர்களுக்குக் கொடுப்பார். பாதிப் பேர் அதில் வடை மடித்தார்கள். நான் எல்லாவற்றையும் வாங்கிப் படித்தேன், படித்துவிட்டுச் சண்டை போட்டேன்.

கழிவு என்று உலகத்தில் ஒரு பொருளே கிடையாது என்று ஒரு தாளில் எழுதியிருந்தார். 'இது என்னுடையது இல்லை' என்று ஒருவன் சொன்ன நிமிடத்தில்தான் அது கழிவாகிறதாம். இன்னொரு தாளில், எந்தக் கம்பெனி தண்ணீரை வெளியே விடுகிறதோ அந்தக் கம்பெனி முதலாளியே அதை முதல் ஆளாகக் குடிக்க வேண்டும், அதற்குப் பிறகு எந்த இன்ஸ்பெக்டரும் தேவையில்லை என்றார். மண்ணுக்குத் தரிசு விடுகிறோமே, நிலத்தடித் தண்ணீருக்கு என்றைக்காவது தரிசு விட்டோமா, பத்து வருடம் இறைத்தால் ஒரு வருடம் ஊரோடு மோட்டாரை நிறுத்த வேண்டாமா என்று கேட்டார். எல்லாத் தாளிலும் கடைசி வரி ஒன்றுதான்: பூமிக்கு அடியில் காம்பவுண்ட் சுவர் கிடையாது.

"ஒரு வருஷம் மோட்டாரை நிறுத்துனா ஊர் சாப்பாட்டுக்கு எங்க போகும்? நடக்கிற கதையைப் பேசுங்க" என்று கத்தியிருக்கிறேன்.

"நடக்கிற கத எல்லாத்தையும் பேசிட்டுத்தான் மேடம் இங்க வந்து நிக்கிறோம்" என்பார்.

வெறும் வாய்ப்பேச்சுக்காரர் என்று ஒதுக்கவும் முடியவில்லை. சொந்த நிலத்தில் ஓடிக்கொண்டிருந்த போர்வெல்லைச் சிமெண்ட் கொட்டி மூடியவர் அவர். கிணற்றை நம்பி ஒரு போகம் மட்டும் வைத்தார். தான் மூடினால் பத்துப் பேர் மூடுவார்கள் என்று நினைத்தார். ஒருவர்கூட மூடவில்லை. ஒரு நாள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க கேட்டுக்கு வந்த அவர் மனைவி கமலா என்னிடம் பொரிந்து தள்ளினார்.

"ஊரே மோட்டார் போட்டுக்கினு கீதும்மா. இது மட்டும் சிமெண்ட கொட்டி மூடிட்ச்சு. கேட்டா தண்ணிக்கு ரெஸ்டு உடறேங்குது. எனுக்கு யாரும்மா ரெஸ்டு உடறது?"

அதை அப்படியே முனிரத்தினத்திடம் கேட்டேன். "அந்த வெசயத்துல அவ சொல்றதுதான் ரைட்டு" என்று ஒப்புக்கொண்டார். ஆனால் போரைத் திறக்கவில்லை, அவ்வளவு அழுத்தம்.

தாளுக்குத் தாள் ஃபேக்டரியைத் திட்டுகிறவர் ஃபேக்டரியில் ஏன் வேலை பார்க்கிறீர்கள் என்றும் கேட்டுப் பார்த்தேன். "ஒடம்பு சரியில்லாத ஆளு பக்கத்துலதான மேடம் ஒக்காரணும்?" என்றார்.

அவருடைய வாய்க்கு மேனேஜரும் தப்பவில்லை. ஒவ்வொரு சுற்றுச்சூழல் தினத்துக்கும் ஈ.டி.பி. பின்புறம் திட்டு மாதிரி இருந்த காலி இடத்தில் மேனேஜர் ஒரு செடி நடுவார், போட்டோ எடுப்பார்கள், லட்டு கொடுப்பார்கள். ஒரு வருடம் கடப்பாரையோடு நின்ற முனிரத்தினம் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"சார், இதே குழியிலதான போன வருசமும் வெச்சோம்? அதுக்கு மொத வருசமும் இதே குழிதான். செடி ஏன் சார் நிக்க மாட்டேங்குது?"

"தண்ணி ஊத்துனா நிக்கும்பா. ஊத்துங்க" என்றார் மேனேஜர். நாங்கள் லட்டைத் தின்றுவிட்டு வந்துவிட்டோம்.

3. டீ துவர்த்தது

என் ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தபோது கேன்டீன் டீ துவர்க்க ஆரம்பித்தது. டீ மாஸ்டரைத் திட்டினோம். அவர் டீத்தூளை மாற்றினார். பிறகு பால் சரியில்லை என்றார்கள். கடைசியில் "கடல் பக்கம்தானே, தண்ணி அப்படித்தான் இருக்கும்" என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டு குடித்தோம். எங்கள் சின்ன லேபில் ஜிங்க் பார்க்கும் வசதி கிடையாது. அதை வெளி லேப்தான் பார்க்க வேண்டும்.

அந்த மாத ரிப்போர்ட் வந்தது. ஃபெயில்! ஜிங்க் வரம்பைத் தாண்டியிருந்தது.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் கழிவுநீருக்கு ஆள்மாறாட்டமாகப் பரீட்சை எழுதிய நல்ல தண்ணீர் ஃபெயில் ஆகிவிட்டதே! அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மேஜைமேல் இருந்த டீ டம்ளரைத் தள்ளி வைத்தேன். உப்பு கூடியிருந்தால் கடல் என்று சொல்லலாம். ஜிங்க் கடலிலிருந்து இந்த அளவுக்கு வராது, எங்கள் தொட்டியிலிருந்துதான் வரும்.

பீரோவைத் திறந்து பழைய ரிப்போர்ட் ஃபைல்களை எல்லாம் இழுத்துத் தரையில் பரப்பினேன். முதல் வருடத்திலிருந்து ஜிங்க் என்ற ஒரே வரியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆரம்பத்தில் இல்லவே இல்லை. நடுவில் ஒரு துளி தெரிகிறது. பிறகு மழைக்காலத்தில் இறங்குகிறது, கோடையில் ஏறுகிறது, ஆனால் ஒவ்வொரு கோடையும் முந்திய கோடையைவிடக் கொஞ்சம் மேலே. பாஸ், பாஸ் என்று அடியில் பார்த்துவிட்டு ஃபைலில் போட்டவள், நடுவில் இருந்த எண்ணை ஒரு நாளும் பார்க்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரம் எனக்கு உற்சாகமாக இருந்தது. ஒரு முடிச்சு அவிழும்போது கெமிஸ்டுக்கு வரும் உற்சாகம். பிறகு சாப்பாட்டு மணி அடித்தது. ஜன்னலுக்கு வெளியே தட்டும் டம்ளருமாக அந்தக் குழாயின் முன்னால் வரிசை நின்றது.

4. மேனேஜர் சொன்ன வழி

மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னார். ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார்.

"சுண்ணாம்பு டோசிங் பம்ப் மக்கர்னு காரணம் எழுதிடுங்க. சரி பண்ணியாச்சுன்னும் எழுதிடுங்க."

"சார், பம்ப் நல்லாத்தான் இருக்கு. இது கேன்டீன் தண்ணி. எல்லாரும் அதைத்தான் குடிக்கிறாங்க."

"அதுக்கு நான் ஏற்பாடு பண்றேன்மா. நீங்க அடுத்த மாசம் சாம்பிளை வேற தண்ணில எடுங்க."

"வேற எந்தத் தண்ணில சார்?"

"கேன் வாங்கிக்கலாம்."

கடையில் வாங்கிய கேன் தண்ணீரை எங்கள் கழிவுநீர் என்று அனுப்பச் சொல்கிறார். நான் பிடித்த குழாயை நினைத்தால் அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? சாயங்காலம் ஏற்பாடும் வந்தது. கேன் தண்ணீர் இரண்டு, ஆபீஸ் ரூமுக்கு. கேன்டீனுக்கு ஒன்றும் வரவில்லை.

மறுநாள் முனிரத்தினத்தைக் கூப்பிட்டு ஃபைல்களைக் காட்டினேன். இத்தனை வருடப் பொய்யையும் ஒப்பித்தேன். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று குதிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் சுண்ணாம்புக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜிங்க் வரியில் விரலை வைத்துத் தாள் தாளாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இத்தினி வருசமா எங்க கெணத்து ஜாதகத்த எழுதிக்கினு இருந்துகீறீங்க மேடம். உங்களுக்கே தெரியாம."

"உங்க கிணறா?"

"மதிலுக்கு இந்தாண்ட உங்க போரு, அந்தாண்ட எங்க கெணறு. கீழ எல்லாம் ஒரே தண்ணிதான? அந்தாண்ட ரெண்டு தெரு சனம் குடிக்குது." பிறகு சட்டென்று தலையைத் தூக்கினார். "செடி நிக்காத எடம்!"

"எந்தச் செடி?"

"மேனேஜரு வருசா வருசம் வெக்கிற செடி மேடம். அந்தத் திட்டு மண்ணு கொட்டி மூடுனது. நான் பள்ளிக்கூடத்துல படிக்கசொல்ல அங்க பெரிய பள்ளம் இருந்துது, மஞ்சாத் தண்ணியா நிக்கும். பழைய ஆசிட்ட அதுலதான் உடுவாங்க. வெறும் மண்ணுப் பள்ளம் மேடம், அடியில ஒண்ணும் போடல."

நாங்கள் லட்டு தின்ற இடம். வருடா வருடம் ஒரு செடி அங்கே செத்துச் செத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னோம்.

"நான் போய் சொன்னா எவனும் நம்ப மாட்டான். இந்தக் காயிதத்த பாத்தா நம்புவான். ஆனா காயிதத்துல அவுட்லெட்னு கீது. இது கொழாத் தண்ணின்னு சொல்ல நீங்க ஒர்த்தர்தான் சாச்சி" என்றார் முனிரத்தினம். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "நான் கேக்க மாட்டன் மேடம். சொன்னா உங்க வேல போவும், என் வேலயும் போவும். யோசிச்சிக்கங்க."

மூன்று நாள் யோசித்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தைவிட மானம் போய்விடும் என்ற பயம்தான் அதிகம். ஒவ்வொரு லேபிளிலும் என் கையெழுத்து. 'கெட்டிக்காரி' என்று பெயர் வாங்கியவள், ஊரார் முன்னால் 'நான் பொய்க்காரி' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மூன்று நாளும் நான் மட்டும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோனேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் கிளீனிங் பெண்கள் அந்தக் குழாயில் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகத்தான். வழக்கமாக நடப்பது, நான்தான் அதுவரை பார்க்கவில்லை. அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் ஒரு பாட்டிலை நீட்டினாள்.

"வெயில்ல வரீங்க, ஒரு வாய் குடிங்க மேடம். எங்க தெருத் தண்ணிய நம்ப முடியல. இது கம்பெனி தண்ணி, மாசா மாசம் டெஸ்டு பண்றீங்களாமே?"

தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு லேபுக்குத் திரும்பினேன். உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதினேன். 'ஈ.டி.பி. அவுட்லெட் என்று இதுவரை நான் கையெழுத்திட்டு அனுப்பிய எல்லாச் சாம்பிளும் கேன்டீன் குழாயில் பிடித்தவை. அவற்றில் தெரியும் ஜிங்க், நாங்கள் குடிக்கும் தண்ணீரில் உள்ள ஜிங்க்.' ஒரு நகல் மேனேஜருக்கு, ஒரு நகல் அரசு அலுவலகத்துக்கு, ஒரு நகல் மதிலுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு தெருவுக்கு. வெளியே வந்து அந்தப் பெண்களின் பாட்டில்களை எல்லாம் நானே வாங்கிக் கவிழ்த்தேன். காரணத்தையும் சொன்னேன். அவர்கள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. வாங்கிக்கொண்டேன்.

5. கிணற்றடி

அதிகாரிகள் வந்தார்கள். சாம்பிளை அவர்களே, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தார்கள். முனிரத்தினம் காட்டிய திட்டைத் தோண்டியபோது மூன்றாவது அடியிலேயே மண் மஞ்சளாக ஈரமாக வந்தது. மூக்கில் துணி கட்டாமல் பக்கத்தில் நிற்க முடியவில்லை. அந்த மண்ணை முழுக்க வாரிக்கொண்டுபோக மாதக்கணக்காயிற்று. முனிரத்தினத்தின் கிணற்றிலும் ஜிங்க் இருந்தது. கேன்டீன் குழாயை அடைத்தார்கள். பின்பக்கத்து இரண்டு தெருவுக்கும் லாரியில் தண்ணீர் வந்தது.

எனக்கு ஒரு மெமோவும், ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்டில் ஒரு மூலையும் கிடைத்தன. முனிரத்தினத்தின் கேட் பாஸை, அவர் திட்டைக் காட்டிய அன்றைக்கே பிடுங்கிக்கொண்டார்கள். லெட்டர் எழுதியது நான், வெளியே போனது அவர். கான்ட்ராக்ட் ஆளுக்கு மெமோகூடக் கிடையாது.

ஓய்வு பெற்ற மறு வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கமலா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"பயப்படாம குடிம்மா. கேன் தண்ணிதான்."

நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத மனிதர். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கேன் காரன்கிட்ட எங்கேந்து வருதுன்னு கேட்டன் மேடம். அவனுக்கே தெரில."

நான் மன்னிப்புக் கேட்டேன். சரியாகக் கேட்கவும் தெரியவில்லை, பாதியில் அழுதுவிட்டேன். கமலாதான், "அழுது இன்னா ஆவப் போவுது? டெஸ்டு பண்றவதான நீ? எங்க கெணறு எப்போ தேறும்னு பாத்துச் சொல்லு" என்றார்.

அதுதான் இப்போது என் வேலை. மாதம் ஒரு முறை ரயிலேறிப் போய் அந்தக் கிணற்றில் ஒரு பாட்டில் பிடித்து வெளி லேபுக்கு அனுப்புகிறேன். ஜிங்க் போன கோடையைவிட இந்தக் கோடையில் ஒரு துளி குறைவு. நான் துள்ளிக் குதித்தேன். "ஒரு கோடைய நம்பாதீங்க" என்றார் முனிரத்தினம். அவருடைய தாள்கள் இன்னும் ரயிலில் வருகின்றன. இன்னும் வடை மடிக்கிறார்கள், ஆனால் மடிப்பதற்கு முன் படிக்கிறார்கள்.

லேபில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. லேபிளை ஜனவரியில் எழுதி வைக்காதீர்கள். தண்ணீர் விழுகிற இடத்தில், கால் நனைய நின்றுகொண்டு எழுதுங்கள். அங்கே நின்றுகொண்டு பொய் எழுதக் கை வராது.

முதல் தடவை கிணற்றடியில் நின்று நான் லேபிள் எழுதியபோது முனிரத்தினம் எட்டிப் பார்த்தார். இடம், தேதி, எடுத்தவர் என்று மூன்று வரி இருந்தது. என் கையிலிருந்த பேனாவை வாங்கி, நாலாவதாக ஒரு வரி சேர்த்தார். எந்த லேபிலும் இல்லாத வரி. அதை ஒவ்வொரு மாதமும் நானே எழுதுகிறேன், ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது.

குடிப்பவர்: இன்னும் யாரும் இல்லை.